றெக்ஸும் நாலு பந்துகளும்

ஜெர்மனியின் எசன் நகரில் உள்ள எங்கள் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் கூடைப்பந்து அணி, தைப்பொங்கல் வரைக்கும் ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் தோற்றிருந்தது. மிகச் சிறிய தோல்வி இருபத்தெட்டுப் புள்ளியால். மிகப் பெரியது எழுபத்தொன்றால். புள்ளி மேசையில் குறிப்புக் கொப்பியோடு இருப்பவன் நான். ஆகவே இந்த எண்களில் சந்தேகம் வேண்டாம்.

தோல்வியால் யாரும் மனம் உடையவில்லை. எங்கள் பயிற்றுநர் சுபானிக்கு இருந்த கவலை வேறு. வார நாள்களில் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்யும் அவர், சனிக்கிழமைகளை நாலு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தார். நகரத்து விளையாட்டு அலுவலகத்தில் இருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. சனிக்கிழமை மண்டபத்துக்குப் பல குழுக்கள் கேட்டிருக்கின்றன, தாம் அறிவித்த நாள்களில் ஒரு நாளும் தவறாமல் கூடும் குழுவுக்கே அடுத்த வருடம் அது கிடைக்கும் என்று அதில் இருந்தது. வெல்ல வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆட்டத்துக்கும் ஐந்து பேர் வந்து நின்றால் போதும். எங்களிடம் ஆறு பேர் இருந்தார்கள்.

இந்த நிலையில் கழகத் தலைவர் விஜயரத்தினம் அண்ணை ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். அமெரிக்க ஆட்டங்களை அவர் கைத்தொலைபேசியில் பார்த்து வருபவர். அங்கே பெரிய கழகங்கள் எல்லாம் ஆட்டக்காரரைக் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குகின்றன. அதற்கு ட்ரேட் என்று பெயர். எங்கள் கழகம் இன்றுவரை ஒருவரையும் கொடுக்கவில்லை. ஆகவே எங்கள் கழகம் பெரிய கழகம் அல்ல. காரணம் தெரிந்த பிறகு பரிகாரம் தாமதிக்கக் கூடாது என்று அவர் கருதினார்.

பக்கத்து நகரத்துத் தமிழ்க் கழகத்துடன் பேச்சு நடந்தது. நாங்கள் கவிஷனைக் கொடுத்தோம். உயரம் ஒரு மீற்றர் எழுபத்துநாலு. அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக முப்பத்தொரு புள்ளி எடுத்தால், அதில் பதின்மூன்று அவனுடையது. பதிலாக றெக்ஸ் என்ற பையனை வாங்கினோம். உயரம் இரண்டு மீற்றர் ஒரு சென்ரிமீற்றர். அவனோடு நாலு பந்துகள். அத்துடன், அந்த ஊர்த் தமிழ்ப் பள்ளியின் பாலர் வகுப்பில் இப்போது இருப்பவர்களுள் யார் மிக உயரமாக வளர்கிறாரோ, அவரைப் பதினைந்து வருடத்தின் பின் முதலில் தெரிவு செய்யும் உரிமை. இது அந்தப் பெற்றோருக்கு அறிவிக்கப்படவில்லை.

பொங்கல் விழா மேடையில் குத்துவிளக்கேற்றி அறிவிப்பு நடந்தது. றெக்ஸுக்குப் பொன்னாடை போர்த்தத் தலைவருக்கு எட்டவில்லை. கதிரை கொண்டுவந்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கவிஷனின் தாய் மங்கையற்கரசி எழுந்து நின்றார்.

"அண்ணை, பிள்ளையைக் குடுத்ததைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. சாப்பாட்டுக்கு வீட்டைதானே வரப்போறான். ஆனால் ஏன் நாலு பந்து? அவங்கள் அஞ்சு தந்திருக்க மாட்டாங்களோ?"

இந்தக் கேள்வியை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து, இந்த ட்ரேட் பிரயோசனமானதா இல்லையா என்ற விவாதம் எசன் தமிழர்களிடம் தொடங்கியது.

கழகத்தின் வாட்சப் குழு மூன்றாகப் பிரிந்தது. ஒன்று ட்ரேட்டை ஆதரிப்போருக்கு, ஒன்று எதிர்ப்போருக்கு, மற்றது குழுக்கள் பிரிந்ததைக் கண்டிப்போருக்கு. இரண்டு கிழமையில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு செய்திகள் வந்தன. கூடைப்பந்து சம்பந்தமானவை இருபத்துமூன்று. அவற்றிலும் பதினொன்று பயிற்சி எத்தனை மணிக்கு என்று கேட்டவை. உயரம்தான் இந்த விளையாட்டில் முக்கியம் என்றார்கள் ஒரு பகுதியார். உயரம் அவன் உழைத்துத் தேடியதல்ல, தகப்பனிடம் இருந்து வந்தது என்றார்கள் மறுபகுதியார். தகப்பன் என்ற பேச்சு வந்ததும், அவர் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் என்று ஒருவர் விசாரித்தார். பிறகு ஒன்பது நாள் அதே பேச்சாகப் போனது.

றெக்ஸுக்கு விளையாடத் தெரியுமா என்று சுபானி மட்டும், அதுவும் றெக்ஸிடமே, கேட்டார்.

"அக்கா, எனக்கு வொலிபோல்தான் தெரியும்."

"உனக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை, தம்பி. சட்டையைப் போட்டுக்கொண்டு நிண்டால் காணும்."

விவாதம் இவ்வளவு பெருத்த பிறகு நிர்வாகம் வாளாவிருக்க முடியாது. ஆட்டக்காரர் பரிமாற்றத்தின் பெறுமதியை ஆராயும் விசேட குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஏழு பேர். பந்தைக் கையால் தொட்டவர் எவரும் அதில் இல்லை என்பதால் பக்கச்சார்பு ஏற்பட இடமிருக்கவில்லை. தலைவராகத் தம்பித்துரை அண்ணை தெரிவானார். எழுத்து வடிவாக இருக்கிறது என்று ஏழாவது ஆளாக என்னைக் குறிப்பெழுதப் போட்டார்கள். தமிழ் வகுப்புகள் எல்லா அறைகளையும் பிடித்திருந்தபடியால், சனிக்கிழமைகளில் விளையாட்டு மண்டபத்துக்கு வெளியே சுவரோடு போகும் ஒழுங்கையில் கூடினோம். சுவரின் ஒரு பக்கத்தில் பிள்ளைகள் பந்து தட்டுவார்கள். மறுபக்கத்தில் நாங்கள் அதை ஆராய்வோம்.

றெக்ஸ் ஆடுவதற்கு ஒரு கழகமாற்றப் படிவம் அனுப்ப வேண்டும். அதில் கையெழுத்திடும் அதிகாரத்தை நிர்வாகம் எங்கள் குழுத் தலைவரிடம் விட்டிருந்தது. சுபானி அந்தப் படிவத்தையும் பேனையையும் கொண்டு ஒழுங்கைக்கு வந்தார்.

"அண்ணை, ஒரு கையெழுத்துத்தான். போட்டால் றெக்ஸ் ஆடலாம்."

"போடலாம், பிள்ளை. ஆனால் இது பிரயோசனமில்லாத ட்ரேட் எண்டு நாளைக்கு முடிவு வந்தால், நான் போட்ட கையெழுத்தை என்ன செய்யிறது?"

"பிரயோசனமோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"அவன் விளையாடினால் தெரியும்."

"விளையாடத்தான் அண்ணை கையெழுத்துக் கேக்கிறன்."

"அதுதான் அவசரப்படாமல் ஆராயிறம்."

இதில் யாரும் பிழை காண முடியவில்லை. படிவத்தை வாங்கி, இரண்டு ஓட்டை போட்டு, இணைப்பு ஒன்று என்று இலக்கமிட்டு, கோப்பில் வைத்தேன்.

மறுகரையிலும் இதே நிலைதான் என்று பிறகு தெரிந்தது. கவிஷன் பிரயோசனமா என்று ஆராய அவர்களும் ஏழு பேரைப் போட்டிருந்தார்கள். அவர்களும் கையெழுத்து வைக்கவில்லை. கவிஷன் எங்களிடமிருந்து போய்விட்டான், அவர்களிடம் போய்ச் சேரவில்லை. வீடு இரண்டு ட்ராம் தரிப்புத் தூரத்தில் இருந்ததால் வழமைபோல எங்கள் பயிற்சிக்கே வந்துகொண்டிருந்தான். குழு அவனுக்கு ஒரு கடிதம் கொடுத்தது. மண்டபத்தில் இருக்கலாம், பந்தைப் பார்க்கலாம், தொடலாகாது. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்.

பத்தாவது, பதினோராவது ஆட்டங்களை மிஞ்சிய ஐந்து பேரும் ஆடித் தோற்றார்கள். பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன் சாருஜனுக்குக் கணுக்கால் பிரண்டது. ஐந்தில் ஒன்று போனால் நாலு. றெக்ஸைச் சேர்த்தால் ஐந்து. படிவம் கோப்பில்.

கடைசி ஆட்டம் எங்கள் மண்டபத்திலேயே, அதே பக்கத்து நகரத்து அணியோடு. அவர்களும் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ஐந்தாமவன் தங்கையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் சீர்த்தட்டுத் தூக்கப் போய்விட்டானாம். பார்வையாளர் அறுபத்துநாலு பேர். இந்தப் பருவத்தில் முன்பு எப்போதும் ஒன்பதைத் தாண்டியதில்லை.

நடுவராக வந்த ஜெர்மன் பெண் இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தார். பதினைந்து நிமிடம் காத்திருப்பது விதி என்றார். கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினால் றெக்ஸும் கவிஷனும் ஆடலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை.

சுபானி ஒழுங்கைக்கு ஓடி வந்தார். பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"அண்ணை, பதினைஞ்சு நிமிசம் இருக்கு. மண்டபம் போனால் இந்தப் பிள்ளையளுக்கு வேற இடமில்லை. போடுங்கோ."

தம்பித்துரை அண்ணை கல்நெஞ்சர் அல்லர். உடனே குழுவைக் கூட்டினார். ஏழு பேரும் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்பதால் என்னையும் புள்ளி மேசையில் இருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். முதலில் போன கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். வாசித்தேன். தேநீர் தீர்மானத்துக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதில் ஒரு திருத்தம் வந்தது. பின் என்று திருத்தினேன். அதற்குள் அறுபத்துநாலு பேரும் ஒழுங்கைக்கு வந்து இரண்டு கட்சியாக நின்று பேசினார்கள். ஒழுங்கையின் மற்ற முனையில் அவர்களுடைய குழுவும் கூடியிருந்தது. எங்கள் தீர்மானம் நாலுக்கு மூன்று என்று நிறைவேறியது. தம்பித்துரை அண்ணை கையெழுத்து வைத்தபோது பதினேழாவது நிமிடம். அவர்கள் வைத்தது பதினெட்டாவது நிமிடம்.

உள்ளே போனோம். நடுவர் தன் தாளை முடித்துவிட்டு, யாரோ கொடுத்த மீன் றோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்காததால் விதிப்படி இரு அணிகளுக்கும் சுழியம் – இருபது என்று தோல்வி. முன்னால் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களில் நாலு, அவர்களில் நாலு, கவிஷன், றெக்ஸ். பத்துப் பேர், ஒருவர் கூடவுமில்லை குறையவுமில்லை. கவிஷனும் றெக்ஸும் ஒரே பக்கம். கவிஷன் பந்தை மேலே எறிய, றெக்ஸ் வொலிபோல் அடிப்பதுபோல அதைக் கூடைக்குள் அடித்தான். இந்த வருடம் அந்த மண்டபத்தில் நான் கண்ட மிக நல்ல ஆட்டம் அது. நான் வந்து கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

கவிஷன் வியர்வையோடு மேசைக்கு வந்தான்.

"மாமா, எத்தினைக்கு எத்தினை?"

கொப்பியைப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு எதிரே ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது.

"நாலுக்கு மூண்டு."

"அவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

விசேட குழுவின் இறுதி அறிக்கை பன்னிரண்டு பக்கம். றெக்ஸைப் பெற்ற அணியும் இருபது புள்ளியால் தோற்றது, கவிஷனைப் பெற்ற அணியும் இருபது புள்ளியால் தோற்றது, ஆகவே பரிமாற்றம் நீதியானது. மேலும், இருபது என்பது எங்கள் அணி இந்தப் பருவத்தில் கண்ட மிகச் சிறிய தோல்வி. ஆகவே பிரயோசனமானது. அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது. எதிர்க்கட்சியும் கைதட்டியது.

அணி ஒரு நாள் ஆடாததால் சனிக்கிழமை மண்டபம் அதற்கு இல்லை என்று அலுவலகம் எழுதியது. ஆனால் எங்கள் குழுவும் ஒழுங்கையில் குளிர் என்று மண்டபத்துக்கு விண்ணப்பித்திருந்தது. ஒன்பது சனிக்கிழமை, ஒன்பது கூட்டம், ஏழு பேரும் முழு வரவு. சான்றாக என் கொப்பியின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு ஒழுங்கான பதிவைத் தாங்கள் கண்டதில்லை என்று பாராட்டி, மண்டபத்தை எங்கள் குழுவுக்கே தந்தார்கள்.

மண்டபத்தில் கூடிய முதல் கூட்டத்தன்று சுபானி வலைப்பையோடு வந்தார். பிள்ளைகள் இனிப் பூங்காவில் ஆடுவார்களாம், மழை இல்லாத நாள்களில். ட்ரேட்டில் வந்த நாலு பந்துகளையும் எண்ணிக் கொடுத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அவர் பையின் வாயைக் கட்டிக்கொண்டு போனார்.

கதவு சாத்த முன்னரே, அந்தப் பந்துகளைக் கொடுத்தது பிரயோசனமோ என்று பின் வரிசையில் ஒருவர் கேட்டார். நான் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பித் திகதி இட்டேன்.