சாமான் அலுமாரித் திறப்பும் கொரியா மரியாதையும்

இதை நான் சரியாகச் சொல்லுவேனா என்று பயமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளியால் நிறுத்திவிட்டார்கள். கொரியா எந்தப் பக்கம் என்று கேட்டால், பக்கத்து ஊர் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் என்றுதான் சொல்லத் தெரியும். பிழை இருந்தால் அது என் பிழை. அந்தக் கொரியா மனிதர்மேல் சாட்டாதீர்கள். அவர் தங்கமானவர்.

அவர் பெயர் பாக். மனிதனைப் போலவே கையும் காலும் உள்ள ஒரு மருந்து வேரை விற்க வந்தவர். பினாங்கில் நம்முடைய ஆட்களின் கடையில் வெகுகாலம் தங்கியதால் தமிழ் பேசுவார். கண்டியில் என் வீட்டுக்காரர் மக்கீனின் கடைக்கு வந்தார். அன்றைக்கே இவருக்கு, அதுதான் என் வீட்டுக்காரருக்கு, ஒரு யோசனை பிறந்துவிட்டது.

"மஸீனாட உம்மா, நான் கொரியாப் பாசை படிக்கப் போறேன்."

"என்னத்துக்கு?"

"இந்த வேருக்குக் கண்டியில நான்தான் ஏஜண்டு. பாசை தெரிஞ்சாத்தானே அந்த நாட்டு யாவாரிமாரோட பேசேலும்."

"அவங்க நம்மட ஊரு மடவளைக்கு வருவாங்களா?"

"ஒனக்கு வெளங்காது."

உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் படித்தார். காலையில் பால்காரன் அழகரிடம், "அன்னியொங் ஹாசிம்னிக்கா" என்றார்; கொரியாவில் சுகமா என்று கேட்கிற சொல்லாம். அழகர் மிரண்டுபோய் அரைப் போத்தல் பால் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனான்.

பிறகு மரியாதைகள் வந்தன; கொரியா மரியாதை ஒன்றும் விடாமல் இந்த வீட்டில் நடக்க வேண்டும் என்றார் இவர். பெரியவர் சாப்பிடத் தொடங்கும்வரை சிறியவர் சோற்றைத் தொடக் கூடாது. எதையும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். தலையைச் சாய்க்க வேண்டும் என்றதும், அல்லாஹ்வுக்கல்லாமல் மனிதருக்குக் குனியலாமா என்று எனக்குப் பயம். "சும்மா கழுத்தை அசைக்கிறதுதான்" என்றார் இவர். கோப்பையை 'டங்' என்று வைக்கிற என் மகள் மஸீனா, இப்போது இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பார்க்க அழகாக இருந்தது.

என் மனக்குறை வேறு. எங்கள் வீட்டுச் சாமான் அலுமாரி எப்போதும் பூட்டியிருக்கும்; அதன் திறப்பு இவருடைய இடுப்பு வாரில்தான் தொங்கும். அரிசியா, சீனியா, இவர் திறந்து அளந்து தந்தால் உண்டு. போன பெருநாளுக்கு என் தங்கை றிஸானா வந்தபோது இவர் கடையில். சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நல்லா ஈக்கி ராத்தா" என்றாள். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒருநாள் பாக் முன்னறையில் தன் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த நாட்டில் களஞ்சியத் திறப்பு வீட்டம்மாவின் இடுப்பில்தான் இருக்குமாம். ஆண்பிள்ளை தொடுவது வெட்கமாம். இவர் பாதி உறக்கத்தில், "ஓ, ஓ" என்றார். நான் முழு விழிப்பில் இருந்தேன்.

அடுத்த முறை பாக் வந்தபோது தேத்தண்ணியில் சீனி போடாமல் மஸீனாவிடம் கொடுத்துவிட்டேன். இவர் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. எழுந்து போய், வாரில் இருந்து திறப்பை எடுத்து, பாக்கின் கண்ணெதிரேயே சுவரோரத்துச் சாமான் அலுமாரியைத் திறந்து, சீனி டின்னோடு திரும்பினார்.

பாக் எழுந்து நின்று தலையை ஆழமாகச் சாய்த்தார்.

"முதலாளி, எனக்குத் தெரியாமப் போச்சு. வீட்டம்மா எப்போ மௌத்தானாங்க?"

"ஆரு மௌத்து?"

"திறப்பு உங்ககிட்ட இருக்கே. அம்மா உயிரோட இருந்தா நீங்க தொடுவீங்களா?"

"அவ ஈக்கிறா. திரைக்குப் பின்னால."

"ஈக்கிறேன்," என்றேன் நான்.

பாக் சிவந்துபோனார். "அப்ப உடம்புக்கு முடியலையா?"

"நல்ல சுகம்," என்றேன். "மஸீனாட வாப்பா, கொரியா மரியாதை ஒண்டும் விடாம இந்த ஊட்டுல நடக்கணும் எண்டு நீங்கதானே சென்னீங்க?"

இவர் பாக்கைப் பார்த்தார். வேரைப் பார்த்தார். ஏஜண்டு வேலையை நினைத்தார் போலும். திரைக்கு வெளியே நான் கையை நீட்டினேன்.

"ரெண்டு கையாலயும் தாங்க."

தந்தார். கழுத்தையும் சாய்த்தார்.

பாக் ஊருக்குப் போய்விட்டார். அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரியட்டும். வேர் விற்கவில்லை. போன கிழமை இவர் உற்சாகமாக வந்து, "கொரியாப் பாசை போதும். அக்குறணையில ஒரு சீனத்துப் புடவை யாவாரி வந்தீக்கிறான். இனிச் சீனப் பாசை" என்றார்.

சீனத்தில் திறப்பு யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு, இவரிடம் மறுதிறப்பு இருந்தாலும் பொருந்தாதபடி அலுமாரிப் பூட்டை மாற்றிவிட்டேன்.