லிங்கரை எனேபிள் பண்ணிய கதை

வேலை பார்ப்பதைவிட வேலையை விட்டுப்போவதில்தான் எனக்குத் திறமை அதிகம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். அதன்பிறகு பொம்மையார்பாளையத்தில் டிராக்டர் ஒர்க் ஷாப்பை, குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸை, இடையில் பெயர் மறந்துபோன நாலைந்து இடங்களை விட்டேன். மரக்காணம் உப்புக் கிடங்கையும் ஒரே வாரத்தில் விட்டிருப்பேன். விடாமல் போனதற்குக் காரணம் பக்தி என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள்.

கிடங்கில் பெண் கூலியாட்கள் மூன்று செட்டாக, அதாவது குழுவாக, லாரியில் உப்பு மூட்டை ஏற்றுவார்கள். எந்த லாரி எந்த செட்டுக்கு என்பதில் தினமும் காலையில் சண்டை. யார் முறை என்பதைப் போனில் காட்டும் ஒரு புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் பாபு. கெஸ்ட் ஹவுஸில் என்னோடு தட்டு கழுவியவன், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அதைக் கிடங்கிலுள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓட்டுவது என் வேலை.

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியும்" என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். (பார்த்தால் அடையாளம் தெரியும் என்ற அர்த்தத்தில்.)

"ஏம்பா அந்தோணி, ஒரு வாரம் நிக்காம ஓடுச்சின்னா வேலை உனக்கு. நின்னா, அடுத்த பஸ்ல நீ."

பாபு போனில் பாடம் நடத்தினான். புரோகிராமை அதன் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினால் அது கன்டெய்னர். அதையே சர்வீஸ் ஆக்கிவிட்டால், யாரும் தொடாமல் கம்ப்யூட்டரே அதை எழுப்பி ஓட்டும், விழுந்தால் தூக்கிவிடும். நானும் ஒரு பெட்டியோடு ஊர் ஊராக அலைந்தவன் என்பதால் சட்டென்று புரிந்தது. அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஓடியது. முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

டீ குடிக்க, முறைப்படி லாகவுட் செய்துவிட்டு எழுந்து போனேன். நின்றுவிட்டது.

திரும்பி வந்து லாகின் செய்தேன். ஓடியது. மத்தியானம் சாப்பிடப் போனேன். நின்றது. வாசலில் ஒரே லாரிக்கு இரண்டு செட்டுகள் மோதிக்கொண்டன. பெண்களின் மேஸ்திரி ரெஜினா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா அந்தோணி, நீ ஒக்காந்தாதான் இது வேலை செய்யுமா? அப்ப கம்ப்யூட்டர் எதுக்கு, நீயே வாசல்ல நின்னு கத்தேன்."

மூன்று நாள் நாற்காலியை விட்டு அசையாமல் சமாளித்தேன். (சாப்பாடு அங்கேயே. மற்றதை இங்கே எழுத முடியாது.) நான்காம் நாள் பாபுவுக்குப் போன் போட்டேன். அவன் பஸ்ஸில் இருந்தான்.

"டேய், லிங்கரை எனேபிள் பண்ணலையா நீ? மொதல்ல அதைச் செய்யணும்டா. இல்லன்னா நீ வெளிய போனதும் எல்லாத்தையும் மூடிடும்..." லைன் கட்டானது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த விபூதிப் பட்டை இன்னும் இருந்தது. அந்தோணி என்று பெயர் வைத்துக்கொண்டு, கும்பிடாமல் கை வைத்திருக்கிறேன். முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் துளியும் ஆச்சரியப்படவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன். பெருமுக்கல் மலையில ஈஸ்வரன் இருக்காரு. காலையில போலாம். மெஷினையும் எடுத்துக்க."

மறுநாள் சும்மாடு கட்டி கம்ப்யூட்டரைத் தலையில் சுமந்து படி ஏறினேன். பின்னால் முதலாளி மாலையோடு வந்தார். சன்னதியில் குருக்கள் கேட்டார்:

"அர்ச்சனை யார் பேருக்கு?"

"லினக்ஸ்" என்றார் முதலாளி.

"நட்சத்திரம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"வாங்குன அன்னிக்கு அஸ்வினி, சாமி" என்றார் முதலாளியே.

மந்திரம் முடியும்வரை நான் பேக்கப்புக்கு அந்தோணியாரையும் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் பாபு வீடியோவில் கூப்பிட்டான். மாலை போட்ட கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

"எங்கடா இருக்க?"

"லிங்கர்கிட்ட."

பாபு தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, "டேய், அது சாமி இல்லடா, கட்டளைடா! ஒரே வரி! இங்கிலீஷ்ல லிங்கர்னா கெளம்பாம தங்குறது. நீ வெளிய போனாலும் உன் வேலை உள்ள தங்கட்டும்னு மெஷினுக்குச் சொல்றது!"

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் விடுவிடுவென்று படி இறங்கினார். கிழக்கே மழை மேகம் கட்டிக்கொண்டு வந்தது. கிடங்கில் லாரிகள் காத்திருக்கின்றன, முறை சொல்லவேண்டிய கம்ப்யூட்டர் என் தலையில் இருக்கிறது. கீழே ரோட்டுக்கு வந்ததும், போகிற பஸ்களின் போர்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

கிடங்குக்கு வந்தால் அங்கே லாரிகள் இல்லை. மூட்டைகள் எல்லாம் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. சுவரில் கரித்துண்டால் லாரி நம்பர்கள், எதிரே செட்டுகளின் பெயர்கள். ரெஜினா கரிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னா, மெஷினுக்கு மொட்டை போட்டாச்சா?"

"இப்ப பண்ணு" என்றார் முதலாளி என்னிடம். "நின்னுச்சின்னா பஸ்ஸு."

மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஒயர்களைச் சொருகினேன். பாபு அனுப்பிய ஒரு வரியைத் தட்டினேன். லாகவுட் செய்தேன். மூவரும் வாசலுக்கு நடந்து போய் ரெஜினாவின் போனைப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்தது. மழை விழுந்தது. அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, மலை ஏறுனது வீண் போகல."

மறுத்துப் பேச எனக்குத் தைரியமில்லை. வேலை வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் புதியதைத் தலையில் வைத்துப் பெருமுக்கல் ஏறுகிறேன். குருக்கள் இப்போது எதையும் கேட்பதில்லை. "லினக்ஸ், அஸ்வினி" என்று அவரே ஆரம்பித்துவிடுகிறார்.

ரெஜினாவை அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டேன். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போய், சாப்பிட்டு முடித்தும் நான் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொல்வாள்:

"யாரோ இவருக்கு லிங்கரை எனேபிள் பண்ணிட்டாங்க. பாயைப் போட்டுடுங்க, இனிமே கெளம்ப மாட்டாரு."