துக்க விசாரணை அதிகாரி

மரண விசாரணை அதிகாரி என்று அரசாங்கம் ஒருவரை நியமிப்பது உங்களுக்குத் தெரியும். துக்க விசாரணை அதிகாரியை யாரும் நியமிப்பதில்லை. அவர் தானாகவே வருவார். வெள்ளை வேட்டி கட்டி, வாசல் படலையடியிலேயே முகத்தைத் தொங்கப்போட்டு, நெருங்கிய சொந்தம் எது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு பெருமூச்சும் விட்டு, "எப்பிடி நடந்தது?" என்று தொடங்குவார். ஆறுதல் சொல்லத்தான் வந்தவர். விவரம் தெரியாமல் எப்படி ஆறுதல் சொல்வது?

மாங்குளத்துப் பொன்னையா இந்த இனத்தில் மூத்தவர். ஓய்வுபெற்ற கிளாக்கர். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி, என்ன ஊசி என்று எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் தீர்ப்புச் சொல்வார்: "முதலே காட்டியிருந்தால் காப்பாத்தியிருக்கலாம்." சொன்னதும் மனம் ஆறிவிடும். அவருடைய மனம்.

போன மாசியில் முல்லைத்தீவுக் கரையில் வின்சன் இறந்துபோனார். பொன்னையா வீட்டுக்குப் பதினைந்து வருடம் மீன் கொடுத்த மனிதர். அடக்கம் முடிந்த மறுநாள் காலை பொன்னையா இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். வின்சனின் மனைவி நேசமலர் செபமாலையை விரலில் சுற்றியபடி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நெஞ்சு நோகிறது என்றவரை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டாராம். வாய்வுதான் என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு வலை இழுக்கப் போன மனிதர், வள்ளத்தடியிலேயே விழுந்துவிட்டார்.

பொன்னையா தீர்ப்புக்கு வாயெடுத்தார். நேசமலர் முந்திக்கொண்டார்.

"அண்ணை, மூண்டு நாளா இதையே சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. நீங்கள் வடிவாக் கதைப்பியள். வாற ஆக்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ."

இப்படியொரு பதவி உயர்வை அவர் எதிர்பார்க்கவில்லை. பந்தல் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். முதல் ஐந்து பேருக்கு அருமையாகச் சொன்னார். ஆறாமவருக்கு இஞ்சித் தேத்தண்ணியில் சீனி போட்டதா என்று சந்தேகம். ஒரு பெண் ஏன் ஓட்டோ பிடிக்கவில்லை என்று கேட்டாள். இன்னொருவர் பூநகரியில் தன் மச்சானுக்கு வந்த நெஞ்சுவலியை, ஆஸ்பத்திரிப் பாதையில் ஒரு திருப்பம் விடாமல் விவரித்தார். எழும்பும்போது எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: முதலே காட்டியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் உள்ளே நேசமலரின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. பத்தாம் தடவைக்குப் பிறகு பொன்னையாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் கிறிஸ்தோப்பர் மாஸ்டர். முழுவதையும் கேட்டுவிட்டு, "முதலே..." என்று இழுத்தார்.

"நேசமலர் ரெண்டு தரம் கூப்பிட்டது மாஸ்டர், மனுசன்தான் போகேல்லை," என்றார் பொன்னையா. "ஆளைத் தூக்கிக்கொண்டோ போறது? பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

உள்ளே நேசமலர், மூன்று நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார். மகள் டிலுசா ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். பொன்னையா கதிரையை விட்டு எழும்பினார். உள்ளே போய் ஒரு மூலையில் சும்மா இருந்தார். மத்தியானம் நேசமலர்தான் வந்து கூப்பிட்டார்.

"சாப்பிட வாங்கோ அண்ணை. நல்லாச் சொன்னனீங்கள்."

திருந்திவிட்டாரா? அடுத்த கிழமை இரணைமடுப் பக்கம் ஒரு செத்தவீட்டில் அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தார் என்று கேள்வி. எழும்பும்போது மட்டும், செத்தவருக்குச் சீனி வியாதி இருந்ததோ என்று மெல்ல விசாரித்தாராம்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் வின்சனுக்கு வயது எத்தனை, முன்பே பிரஷர் இருந்ததா என்று நான் சொல்லாமல் விட்டது, இவ்வளவு நேரமும் உங்களை அரித்துக்கொண்டிருந்ததா இல்லையா?