அப்பா கேட்காத கானமேளா

நல்லேப்பிள்ளி,
திருவிழா முடிந்த மறுவாரம்

வண்டிப்பெரியாரில் தேயிலைக் குளிரில் வாழும் என் ஒரே உடன்பிறப்பும், மோட்டார் செட்டு விமர்சகர் சங்கத்தின் நிறுவனத் தலைவியுமான மௌனிகா அக்காவின் சமூகத்துக்கு, சங்கத்தில் மிச்சமிருக்கும் ஒரே உறுப்பினன் பூபதிராஜா பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு எருமை, ஒரு மோட்டார் அனைவரும் சுகம். மோட்டாருக்கு மட்டும் லேசாக இருமல். அங்கே நீயும் பாண்டி மாமாவும், முக்கியமாக மாமாவின் தொண்டையும், சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முதற்கண் ஒரு துயரச் செய்தி. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கவும். நம் தகப்பனார் குப்பண்ணன் அவர்களின் மூக்குக்கண்ணாடி திருவிழா அன்று மாலை வலது கால் ஒடிந்து படுத்த படுக்கையாகிவிட்டது. பழைய மோட்டார் காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பியால் கட்டுப் போட்டிருக்கிறோம். அதை மாட்டிக்கொண்டு அவர் வரப்பில் நடந்தால் காதோரம் ஆன்டெனா முளைத்த மாதிரி இருக்கிறது. எப்படி ஒடிந்தது என்று அம்மா கேட்டதற்கு, "உழுந்துருச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஊர் முழுக்க இரங்கல் தெரிவித்தாயிற்று.

ஃபோன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். என் ஃபோன் அரிசி டின்னுக்குள் சிறையிலிருக்கிறது. பிளஸ் டூ பரீட்சை என்பது வெளியில் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் பின்னால் வரும். நீ அம்மாவின் ஃபோனுக்கு அனுப்பிய குரல்பதிவை அம்மா மாட்டுக்கொட்டாய்க்கு ஓடிவந்து எனக்குக் கேட்கக் கொடுத்தாள். "மாமா மேடையில நின்னுட்டு முன்வரிசையவே பாத்துட்டிருந்தாராம்டா. அப்பா வரவேயில்லையாமே. ஒரு பாட்டாச்சும் கேப்பாருன்னு நெனச்சேன். அதுகூடக் கேக்கலைன்னா, இனி நா அந்த ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது?" என்று நீ கேட்டிருந்தாய். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றாள். மாட்டுக்கொட்டாயில் ஏது வெங்காயம்? ஆகவே அன்று நடந்ததற்குக் கண்கண்ட சாட்சி என்ற முறையில் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வழக்கின் வரலாற்றை முறைப்படி எழுத வேண்டுமல்லவா? ஒரு காலத்தில், அதாவது நீ தேயிலைக் கம்பெனி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் முன், வாய்க்காலில் நம் முறைத் தண்ணீர் வரும் மாலைகளில் மோட்டார் போடுவதற்கென்று நம் இருவரையும் வயலுக்கு அனுப்புவார்கள். தொட்டி மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மோட்டார் சத்தத்துக்கு மேலே நீ தொண்டை கிழிய நாவல் படிப்பாய், நான் தொண்டை கிழிய அபிப்பிராயம் சொல்வேன். நல்ல அத்தியாயத்துக்கு 'மணி', மோசமானதற்குப் 'பதர்' என்று மதிப்பெண் போடுவோம். நாவல் பழம் தின்றால் நாக்கு நீலமாகும், நாவல் படித்தால் நாள் நீளமாகும் என்ற என் புகழ்பெற்ற வாக்கியம் பிறந்த இடமும் அதுதான், அதற்கு நீ தலையில் குட்டிய இடமும் அதுதான். அந்த அட்டை கிழிந்த நாவல் ஞாபகமிருக்கிறதா? கதாநாயகன் அழுதுகொண்டே இருப்பானே, ஏழாம் அத்தியாயத்துக்குள் அவனுக்கு குளுக்கோஸ் ஏற்ற வேண்டிவரும் என்று நான் எச்சரித்தேனே, அதேதான். வயலில் மம்பட்டியோடு நின்ற அப்பாவும் கேட்காத மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் தாங்காமல் வரப்பேறி வந்தார்.

"ஏம்மிணி, பாதிப் பொஸ்தகம் முடிஞ்சுது. ஒருத்தனாச்சும் வயலுக்குத் தண்ணி கட்டுனானா? காதலிக்கறான், அழுகறான், ரயிலேறிப் போறான். சோறு எங்கிருந்து வருது?"

"அது டவுன் கதைங்கப்பா. கடையில வாங்கிக்குவாங்க."

"அப்பக் கடைக்காரனப் பத்தி எழுதச் சொல்லு. அவனாச்சும் ஒழைக்கறான்."

இன்றுவரை இதைவிடச் சுருக்கமான நாவல் விமர்சனத்தை நான் கேட்டதில்லை. பாட்டுக்கும் அவர் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். கோயில் ஆலமரத்தில் குழாய் ஸ்பீக்கர் பாடத் தொடங்கினால் நாம் கோயிலுக்கு ஓடப் பார்ப்போம். அவர் மறித்துவிடுவார். "மைக்குக்கு முன்னால உக்காந்து கேட்டா எல்லாந் தேனாத்தான் இருக்கும். நெல்லுக்கு மேல வந்து, வாய்க்காலத் தாண்டி, இங்க வந்து சேர்றப்ப எது மிஞ்சுதோ அதான் பாட்டு. மிச்சமெல்லாம் கரண்டு." ஊரில் கானமேளா என்று மேடை போட்டுக் கச்சேரி நடக்கும்போதெல்லாம் மோட்டார் செட்டிலிருந்தே கேட்டு, மறுநாள் டீக்கடையில் பாடகர்களை அடித்துத் துவைத்துக் காயப்போடுவார். அப்படிப்பட்டவரின் மகள் ஒரு கானமேளாப் பாடகரையே கட்டிக்கொண்டாள் என்றால் விதிக்கும் விமர்சன புத்தி இருக்கிறது என்றுதான் அர்த்தம். மாமாவின் தேயிலை ஃபேக்டரி வேலையைவிட அவர் பாட்டுதான் அப்பாவின் கண்ணை உறுத்தியது. "மேடையேறிக் கத்தறவனுக்கா எம் புள்ள?" என்றவர் கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருடமாக உன் பேரை எடுக்கவில்லை. மோட்டார் செட்டிலும் படிப்பு நின்றது. இப்போது நான் தனியாகப் போய் மோட்டார் போட்டால், மோட்டார் மட்டும்தான் பேசுகிறது. அதன் அபிப்பிராயங்களில் எனக்கு உடன்பாடில்லை.

இனி என் சாதனைக்கு வருகிறேன். இந்த வருடத் திருவிழாவுக்குப் பேசிவைத்திருந்த கானமேளாக் குழு கடைசி நேரத்தில் கையை விரித்தது. கமிட்டிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, இடுக்கிப் பக்கம் ஒரு நல்ல குழு இருக்கிறது என்று ஒன்றும் தெரியாத முகத்தோடு சொன்னவன் நான். நோட்டீசில் 'வண்டிப்பெரியார் பாண்டி' என்று மட்டும் போட்டால் போதும், இன்னாரின் மருமகன் என்று போட வேண்டாம் என்று பார்த்துக்கொண்டவனும் நான். அப்பாவை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் விதியின் விமர்சன புத்தி மறுபடியும் வேலை செய்தது. அன்று மாலைதான் நம் முறைத் தண்ணீர். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒருநா பக்கத்து வயல்காரங்களப் பாத்துக்கச் சொல்லக்கூடாதுங்களா?" என்று அம்மா கெஞ்சினாள்.

"மேட்டு வயல் காயுது. பாட்டா தண்ணி பாய்ச்சும்?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

விளக்கு வைத்ததும் கானமேளா தொடங்கியது. முதல் பாட்டு நல்ல மணி. இரண்டாவது பாட்டில் கொஞ்சம் பதர் கலந்திருந்தது, அதற்குக் காரணம் மாமா அல்ல. ட்ரம்ஸ் அடித்த ஜிஜோ என்பவன் பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போக அவசரப்பட்டான். இடைவெளியில் மாமா மேடைக்குப் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, ஒங்கப்பா எங்கிட்டு இருக்காரு? முன்னாடி சேர் காலியாவுல கெடக்கு?"

"வந்துட்டே இருக்காருங்க மாமா."

"ரெண்டு பாட்டா வந்துகிட்டே இருக்காரா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் கலைஞன் விழித்துக்கொண்டான். நேரே மைக்கைப் பிடித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே. ஒரு குழந்தை காணவில்லை. பெயர் குப்பண்ணன். வெள்ளை வேட்டி கட்டியிருக்கும், கொஞ்சம் கோபமாக இருக்கும். மோட்டார் செட்டுப் பக்கம் யாராவது பார்த்தால் மேடைக்குக் கூட்டிவரும்படி கேட்டுக்கொள்கிறோம்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கானமேளா காணாமேளா ஆன கதை இதுதான், என் ஃபோன் அரிசி டின்னுக்குப் போன கதையும் இதுதான். அம்மா காதைப் பிடிக்க வருவதற்குள் நான் வரப்பில் இறங்கி ஓட்டம் பிடித்தேன். ஓடும்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. அப்பா பாட்டுக்கு வரமாட்டார் என்றால் பாட்டை அப்பாவிடம் அனுப்ப வேண்டியதுதானே? நடுவில் தடையாக இருப்பது மோட்டார் சத்தம் ஒன்றுதான். புலி மாதிரிப் பதுங்கிப் போனேன், செட்டின் பின்பக்கமாக நுழைந்தேன், பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். மோட்டார் செத்தது. மாமாவின் மூன்றாவது பாட்டு நெல்லுக்கு மேலே மிதந்து வந்தது. அப்பா அங்குமிங்கும் தேடினார், கத்தினார், வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டார். ஆக, அப்பா கேட்கவில்லை என்ற உன் வாதம் தள்ளுபடி செய்யப்படுகிறது. கேட்டார். கேட்க வைத்தவன் உன் தம்பி. இரண்டு குடும்பத்தையும் ஒரு பியூஸ் கட்டையால் இணைத்தவன் என்று என் பெயரை எங்காவது பொறித்து வைக்கவும்.

வயதில் சிறியவனானாலும் சங்கத்தில் மிஞ்சியவன் என்ற உரிமையில் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறேன். மாமாவின் சுருதி குறையாமலும் உன் சமையலில் காரம் கூடாமலும் இருவரும் நீடூழி வாழ்க. எருமைகள் உன்னை விசாரித்தன.

இப்படிக்கு,
ஃபோன் இல்லாத கைதி,
பூபதிராஜா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஓர் இடம் உறுத்துகிறது. பியூஸ் கட்டையை நான் பிடுங்கவில்லை அக்கா.

பிடுங்கத்தான் போனேன். ஆனால் பாதி வரப்பிலேயே மோட்டார் சத்தம் கேட்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் சுவிட்ச் அணைந்திருந்தது. வாய்க்காலில் நம் முறைத் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மடையைக்கூடத் திறக்காமல் அப்பா தொட்டியோரம் சாக்கை விரித்து, உன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உக்காரு. பேசாத" என்றார். நான் பயத்தில் சட்டென்று சாக்கின் மேல் உட்கார்ந்தேன். அடியில் ஏதோ முறிந்தது. எடுத்துப் பார்த்தால் அந்த அட்டை கிழிந்த நாவல், அதன் கடைசிப் பக்கத்தில் அவர் கண்ணாடி. உள்ளுக்குள்ளேயே செத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "காணாமப் போன கொழந்தையத் தேடி வந்தியாக்கும்?" என்றார். "நோட்டீசப் பாத்தப்பவே தெரியும்டா. வண்டிப்பெரியார்ல எத்தன பாண்டி பாடறான்?" என்றார். பிறகு, "ரெண்டாவது பாட்டுல மேல போறப்ப அவசரப்படறான். அப்பறம் செரியாயிட்டான். வாய்க்காலத் தாண்டி வந்துருச்சு" என்றார். ஜிஜோ மேல் போட்ட பழியை வாபஸ் வாங்குகிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒடிந்த கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டே, "அந்தக் கதைக்கு ரெண்டாம் பாகம் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. அக்காகிட்ட."

"பார்சல்ல போட வேண்டாம்னு சொல்லு. வழியில தொலைஞ்சு போயிரும்."

மேட்டு வயல் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. கேட்பவர்களிடமெல்லாம் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வரும்போது இரண்டாம் பாகத்தோடு ஒரு கண்ணாடியும் வாங்கி வா. ஒடித்தவன் நான். உழுந்துருச்சு என்று சொன்னவர் அவர்.