தார்ப்பாயோடு நானும்

எனக்குத் தைக்கத் தெரியாது. இதை இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டிதான் என் பிழைப்பு. அந்த வருஷம் எங்கள் மாரியாத்தா கோயில் அன்னதானத்துக்கு ஊரில் சேர்ந்த அரிசியை நானே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று, காப்புக் கட்டும்போதே ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டேன். (அவகிட்ட வாயைக் குடுத்துட்டா அப்புறம் பின்வாங்க முடியாது.) ஆனால் அன்னதானத்துக்கு முந்தின நாள் சவுக்குக் கழி ஏற்றியதில் வண்டித் தார்ப்பாய் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்துவிட்டது.

"அரியலூர்ல தைக்கிற கடையில குடுத்துட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி செல்வி.

"சாமி அரிசிக்குப் போடுற தார்ப்பாய். நானே தைக்கிறேன்."

"நீங்க சட்டைக்குப் பொத்தான் தைச்சாலே அது தோள்ல போயி நிக்கும்."

நான் கேட்கவில்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, கோணி ஊசிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். மஞ்சள் வேட்டியோடு வாசலில் விரித்த தார்ப்பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிழிசல் மேல் ஒட்டுத் துண்டை வைத்து, ஆத்தா பேரைச் சொல்லி ரெட்டை நைலான் நூலில் தைத்தேன். ஒரு பக்கம் மட்டும் ஊசி இறங்கச் சிரமப்பட்டது. நம்ம வேலை அவ்வளவு கெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியில் அரிசி மூட்டைகள் ஏறி முடிந்த நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி ஓட்ட வந்திருந்த மச்சான் ராசேந்திரன், "மாமா, தூறுது, விடுங்க" என்று தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்தான். நானும் கூடவே வந்தேன்.

"எந்திரிங்க மாமா."

"எந்திரிச்சா அதுவும் எந்திரிக்குதே மாப்ள."

செல்வி குனிந்து பார்த்தாள். ஒட்டுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் என் வேட்டியின் முன்பக்கம் ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எத்தனை தையலுங்க?"

"நாப்பது இருக்கும்."

"ரெட்டை நூலா?"

"ரெட்டை நூல்தான்."

ராசேந்திரன் கத்தரிக்கோலோடு வந்தான். "காப்புக் கட்டின ஒடம்புல கெடக்குற வேட்டிடா, அதுல கத்தரி வைக்காத" என்று செல்வி தடுத்துவிட்டாள். அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாமே என்பீர்கள். வாசலில் அரிசி கொண்டுவந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே எனக்கு வெறும் கோவணம்.

செல்வி மாற்று வேட்டி எடுக்க ஓடினாள். அதற்குள் பெரிய சொட்டாக விழ ஆரம்பித்துவிட்டது. ஊர் வீடு வீடாகக் கொடுத்த அரிசி. மத்தியானம் அத்தனை பேர் இலை போட்டு உட்காருவார்கள்.

"என்னையும் சேர்த்துத் தூக்கி மேல போடுடா" என்றேன்.

போட்டார்கள். கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். மூட்டைகளின் உச்சியில் முட்டி போட்டபடி, கொட்டுகிற மழையில் ஆறு கிலோமீட்டர் போனேன். சாமி அரிசி மேல் ஏறிவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முறை ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். டீக்கடையில் ஒதுங்கி நின்ற ஒரு பெரியவர் மஞ்சள் வேட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன வேண்டுதலு தம்பி?"

ராசேந்திரன் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "மழை நிக்கிற வரைக்கும் எறங்க மாட்டேன்னு வேண்டுதலுங்க" என்றான்.

கோயிலில் பூசாரி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். "அரிசி ஒரு மணிகூட நனையல. ஆளுதான் ஒலையில போடுற பதத்துக்கு ஊறியிருக்கான்." ஆத்தா பேரைச் சொல்லி ஒரு புது வேட்டி கொடுத்தார். அதைச் சுற்றிக்கொண்டு பழைய வேட்டியிலிருந்து நழுவி வந்தேன். சன்னிதியில் விழுந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

தார்ப்பாய் இன்னும் உழைக்கிறது. மற்ற இடமெல்லாம் ஒழுகும், அந்த ஒட்டு மட்டும் ஒரு சொட்டு விடாது. ஆத்தா செயல். ஆனால் வாசலில் முந்திரிக்கொட்டை காயும்போது மழை வந்து, செல்வி "தார்ப்பாயை எடுத்துட்டு வாடி" என்று குரல் கொடுத்தால், என் மகள் உள்ளேயிருந்து நிதானமாகக் கேட்கிறாள்:

"அப்பாவோடயா, அப்பா இல்லாமயா?"