என் சூடான படிக்கட்டில் உட்காருபவர்கள்

பேட்டைப் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் இந்தக் குளிரில் உறைந்துபோகாமல் இருக்க வேண்டுகிறேன். போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்; இனி முடியாது.

மாண்ட்ரியல்காரரான தங்களுக்கு வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போன குளிர்காலத்தில் என் மாடிப்படியில் பனி இறுகிக் கண்ணாடியாகிவிட, தபால்காரம்மா ஒதீல் ஏற மறுத்துவிட்டார். "கடுதாசி உங்களுது, இடுப்பு என்னுது சார்" என்றார். ஆகவே இந்த ஆண்டு படிக்குப் படி மின்சாரத்தில் சூடாகும் ரப்பர் விரிப்பு போட்டேன். பனி விழுந்த மாத்திரத்தில் உருகியது, தபாலும் வந்தது, ஆனால் தபால்காரம்மா போகவில்லை, பட்டாணி சூப் பிளாஸ்கைத் திறந்துகொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அவரைப் பார்த்துக் கீழ்வீட்டுத் திருமதி லபெர்ஜ் பூனையோடு வந்தார், அப்புறம் எதிர்வீட்டு நோர்மான். இவர் யாரென்றால், பல வருடங்களுக்கு முன் ஒரு பனிப்புயலுக்கு மறுநாள் நான் முதுகொடியப் பனியை வாரி, என் காருக்கென்று நாற்காலி போட்டுவைத்த இடத்தில், நாற்காலியை நகர்த்திவிட்டுத் தன் காரை நிறுத்தியவர். அன்றோடு பேச்சை நிறுத்தியவன் நான்.

"இது என் படி" என்றேன். அதற்குப் பிறகு நோர்மானிடம் நான் பேசிய முதல் வாக்கியம்.

"தெரியும்ப்பா. அதான் பூட்ஸத் தட்டிட்டு உக்காந்தேன்."

"மூணாவது படி கொஞ்சம் ஆறிக் கெடக்கு சார், ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார் ஒதீல்.

"ஒரு நாற்காலியப் போட்டு அடைச்சு வையேன்" என்றார் நோர்மான். பூனை தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

எனவே, பிறர் வீட்டுப் படியில் குளிர்காய்வது அநாகரிகம் என்று தாங்கள் தலையங்கம் எழுத வேண்டும். தவறினால் சுவிட்சை அணைத்துவிடுவேன். தங்கள் குடும்பத்தாருக்கும் அவர்களைச் சூடாக வைத்திருக்கும் கொதிகலனுக்கும் என் நல்வாழ்த்துகள்.

பி.கு.: சுவிட்சை நேற்றே அணைத்துப் பார்த்தேன். படி உறைந்தது. தபால் வரவில்லை, சூப் வாசனை வரவில்லை, பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் நோர்மான் தெருவிலிருந்து கத்தினார்: "ஏம்ப்பா, உயிரோட இருக்கியா? படி செத்துக் கெடக்கே, அதான் கேட்டேன்." எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டேன். ஆகையால் தலையங்கம் வேண்டாம். கடிதத்தை மட்டும் போடுங்கள், சிரமப்பட்டு எழுதியிருக்கிறேன். இந்தத் தெருவில் சூடான படி ஒன்றுதான், எழுதியது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருந்தாலும், தெரியாத மாதிரி அவர்கள் நாளைக்கும் வந்து உட்கார ஒரு வழி வேண்டுமல்லவா? அதனால் கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.