கோடரி அண்ணையின் காவல்

கோடரி அண்ணை சந்தேகப்படாத ஆள் என்று மொன்றியலில் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். அங்கே பியர்பொன்ட்ஸ் பகுதியில் எனக்கு எதிர்வீடு. வணக்கம் சொன்னால்கூட, "என்ன, இண்டைக்குப் புதுசா வணக்கம்?" என்பார்.

அந்தப் பெயர் அவரின் பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக் கிழவரால் வந்தது. பிள்ளைகள் இல்லாத அவர், தன் பாட்டனாரின் லொக்கபர் கோடரியை அண்ணையிடம் ஒப்படைத்தார். ஆளைவிட உயரமான தடி, நுனியில் முழ நீள அலகு, பின்னால் ஒரு கொக்கி. குதிரையில் வருகிறவனைக் கொக்கியால் இழுத்து விழுத்துவார்களாம். இப்போது அது சண்டைக்கில்லை, மரியாதைக்குத்தான். ஸ்கொட்லாந்தில் குலத் தலைவருக்கு முன்னால் ஏந்திப் போவார்கள். தன் கடைசி ஊர்வலத்தில் அண்ணை அதை ஏந்தி நடக்க வேண்டும் என்பதுதான் கிழவர் கேட்டது. அண்ணையும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு, "சும்மா ஒருத்தன் இவ்வளவு நம்புவானே? உள்ளுக்கை ஏதோ இருக்கு" என்று தடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கமெரா ஒன்றும் அகப்படவில்லை. நான் தொட்டுப் பார்க்கக் கேட்டதற்கு, "கண்ணால பார், காணும்" என்று தர மறுத்தார்.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் ஆட்கள் காருக்கும் கணினிக்கும் பொட்டு வைக்கிற நாள். அண்ணை கோடரியை வாசலில் நிறுத்தி, அலகு நிறையக் குங்குமம் அப்பினார். அந்த நேரம் பார்த்து மழை. சிவப்புத் தண்ணீர் ரோட்டுவரை ஓடியது. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்துவிட்டது.

"மெஸியூ, இது என்ன சிவப்பு?" என்று பொலிஸ்காரர் பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார்.

"போன் பண்ணினது ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ!"

கோடரியைக் கொண்டுபோகிறோம் என்றதும் அண்ணையின் குரல் உடைந்தது. "ஐயோ, அது என்ர இல்லை. வாக்குக் குடுத்திட்டன்."

கிழவர் வீட்டுச் செருப்போடு மழையில் ஓடிவந்தார். குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக் காட்டினார். பொலிஸ் சிரித்துக்கொண்டு போனது. அண்ணை என் காதருகே வந்து, "கிழவன் ஏன் ஓடிவந்தவன்? என்ன திட்டமோ?" என்றார்.

போன கார்த்திகையில், முதல் பனி விழுந்த அன்று கிழவரை அடக்கம் செய்தோம். வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். வேட்டிக்கு மேல் குளிர்க்கோட்டும் போட்டுக்கொண்டு, கோடரியை நிமிர்த்திப் பிடித்து, வழியில் நின்ற மரங்களையெல்லாம் முறைத்தபடி அண்ணை பெட்டிக்கு முன்னால் நடந்தார்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. அண்ணையின் மூக்குக்கண்ணாடி நனைந்து கண் தெரியவில்லை. துடைக்கலாமென்றால் இரண்டு கையிலும் கோடரி. எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதை ஒருக்காப் பிடி."

கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை என் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த மனுசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.